தட்டில் இருப்பதும் உடம்பில் ஒட்டுவதும்

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு என்பது பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டிக்கும் தெரியும். கொல்லையில் ஒரு மரம் நின்றால் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். அரிசியிலும் பருப்பிலும்கூடக் கொஞ்சம் இரும்பு இருக்கிறது. ஆனால் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் இது பாதிக்கு மேல்தான். ரத்தசோகைக்குக் கொக்கிப்புழு, மாதவிடாய்ப் போக்கு, ஃபோலிக் அமிலக் குறைவு என்று காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் இரும்புக் குறைவு அவற்றில் பெரிய காரணம். தட்டில் இரும்பு இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. நடுவில் என்ன ஆகிறது?

இந்தக் கேள்வியை இரும்போடு நிறுத்தாமல் ராத்திரிச் சாப்பாடு முழுவதற்கும் கேட்டுப் பார்க்கலாம். சத்தான சாப்பாடு என்றாலே செலவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பாதாம், ஓட்ஸ், டப்பாவில் வரும் சத்துமாவு, வெளிநாட்டுத் தானியம் என்று பட்டியல் நீள்கிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு என்பதே என் கட்சி. ரேஷன் கடையில் விலையில்லாமல் வாங்கிய அரிசி, கிலோ 30 ரூபாய்க்கு அங்கேயே கிடைக்கும் துவரம்பருப்பு, ஒரு கட்டுக் கீரை, இரண்டு கரண்டி எண்ணெய், ஒரு பழம் இருந்தால் நாலு பேர் குடும்பத்துக்கு நல்ல இரவுச் சாப்பாடு போட முடியும். ஆனால் அதே பொருள்களை வைத்துக்கொண்டு, சத்தில் பாதியை வீணாக்கியும் சமைக்க முடியும். எது எதன் பக்கத்தில் தட்டில் இருக்கிறது, அடுப்பில் ஏறுவதற்கு முன்பு அதற்கு என்ன செய்தோம் என்பவற்றில்தான் வித்தியாசம் இருக்கிறது.

சாப்பிட்ட சத்தில் எத்தனை பங்கு குடலைக் கடந்து உடம்பின் வேலைக்குப் போகிறது என்ற அளவை உட்சேர்வு என்று இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்வோம். ‘திங்கிறது உடம்புல ஒட்டமாட்டேங்குது’ என்று வீடுகளில் சொல்கிறோமே, அதே சங்கதிதான். ஒட்டியதா இல்லையா என்பதை அளந்தும் சொல்ல முடியும். அளப்பதற்கான வழிகளைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

சோற்றிலிருந்து தொடங்கலாம். பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே நெல்லிலிருந்து வருபவை. நெல்லை அப்படியே அரைத்துத் தவிடு நீக்கினால் பச்சரிசி. ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயப்போட்டு, பிறகு அரைத்தால் புழுங்கல். ருசியிலும் வாசனையிலும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான் நாம் இவற்றைப் பிரிக்கிறோம். ஒரு காலத்தில் இந்த வேறுபாடு உயிர் பிழைப்பதையும் சாவதையும் தீர்மானித்தது.

1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்துப்போய், தசை தளர்ந்து, கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே மாதிரிக் கால் தள்ளாடியது. ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவ அரிசியைச் சிவிலியன் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறின. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அந்த ‘ஏதோ’தான் தயாமின் என்கிற வைட்டமின் பி1 என்று பின்னால் புரிந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கதை நம் பக்கமும் வருகிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையை வாங்கிக்கொண்டு ராபர்ட் மெக்காரிசன் ‘பெரிபெரி விசாரணை’ என்ற பெயரில் ஆராய்ச்சி தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்து, இன்றைய தேசிய உணவூட்ட நிறுவனம் ஆனது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. வடக்கே கடலோர ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம். இரண்டு பக்கமும் மூன்று வேளையும் அரிசிதான், இரண்டு பக்கமும் ஏழைகள்தான். வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, தெற்கே புழுங்கல் என்பதே வேறுபாடு. மெக்காரிசனுக்குப் பிறகு குன்னூர் ஆய்வகத்தை நடத்திய வாலஸ் அக்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940இல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி வெளியிட்ட அறிக்கை இதை விரிவாக அலசியது. நெல் ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்பகுதிக்குள் போகிறது. மாவுச்சத்து ஆவியில் பசைபோலாகிப் பிறகு இறுகும்போது அங்கேயே தங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் தவிடுதான் போகும், உள்ளே போன தயாமின் முழுதாகப் போகாது. நெல் அவித்தவர்கள் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அவித்த நெல் ஆலையில் நொறுங்காது, பூச்சி எளிதில் பிடிக்காது என்பதுதான் அவர்கள் அறிந்த லாபம்.

பி1 தண்ணீரில் கரைவது என்பதால் இரண்டு விஷயம் வீட்டுச் சமையலுக்குப் புலப்படும். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது வீண். பச்சரிசியில் இந்த இழப்பு பெரிது, புழுங்கலில் குறைவு. அடுத்தது, வடித்த கஞ்சி. அதை வாய்க்காலில் கொட்டுகிறவர்கள் சத்தையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். உப்புப் போட்டுக் குடிக்கலாம், குழம்புக்கு விடலாம், அல்லது அளந்து தண்ணீர் வைத்து வடிக்காமல் பொங்கிவிடலாம்.

அடுத்தது பருப்பு. இங்கேதான் உணவியலின் அழகான கருத்து ஒன்று இருக்கிறது.

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. இருபது வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோத்துக்கொண்டு உருவாவது. அவற்றில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இது தெரிய வந்தது எலிகளால். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தாமஸ் ஆஸ்போர்னும் லாஃபயட் மெண்டலும் 1910களில் எலிகளுக்கு ஒரே ஒரு தனிப்புரதம் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். மக்காச்சோளத்திலிருந்து பிரித்த ஸீன் என்ற புரதத்தைக் கொடுத்தபோது, வயிறு நிறையத் தின்றும் எலிகள் எடை இழந்தன. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை மட்டும் சேர்த்ததும் எடை குறைவது நின்றது. லைசினையும் சேர்த்த பிறகுதான் வளர ஆரம்பித்தன. கோதுமையின் கிளையடின் புரதத்தில் எலிகள் சாகவில்லை, வளரவும் இல்லை. குட்டியாகவே நின்றவை லைசின் கிடைத்த உடனே வளர்ந்தன. ‘புரதம் இத்தனை கிராம்’ என்ற கணக்கு போதாது என்பதை இந்த எலிகள் காட்டின.

கதம்பம் கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து மூன்றும் மாறி மாறி வரவேண்டும். கூடை நிறைய மல்லிகை இருக்கிறது, மரிக்கொழுந்து தீர்ந்துபோனது என்றால் கதம்பம் அந்த இடத்தில் நின்றுவிடும். மிச்சமுள்ள மல்லிகையால் அதை ஒரு முழம்கூட நீட்ட முடியாது. உடம்பு தசைப் புரதமோ ரத்தப் புரதமோ கட்டும்போதும் இதுவே நடக்கிறது. எந்த அமினோ அமிலம் முதலில் தீருகிறதோ, அதுவே எல்லையை வகுக்கிறது. எல்லைப்படுத்தும் அமினோ அமிலம் என்று அதற்குப் பெயர். அரிசிக்கு அது லைசின். பருப்பு வகைகளுக்கு அது மெத்தியோனினும் அதன் உறவான சிஸ்டினும். துவரம்பருப்பின் புரதத்தில் லைசின், அரிசிப் புரதத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் பரவாயில்லை. ஒன்றில் குறைந்ததை மற்றது நிரப்புகிறது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1940களில் தம் ஆராய்ச்சி மாணவர்களையே உட்காரவைத்துச் சோதித்தார். சாப்பாட்டில் புரதமே கிடையாது. மக்காச்சோள மாவுச்சத்து, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, வைட்டமின்கள், உப்புகள், அவற்றோடு தூய்மையாக்கிய அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார். அளவுகோல் நைட்ரஜன். புரதத்தில் மட்டுமே கணிசமாக இருக்கும் நைட்ரஜன் உள்ளே எவ்வளவு போகிறது, சிறுநீரிலும் மலத்திலும் எவ்வளவு வெளியேறுகிறது என்று எடை போடுவார்கள். இரண்டும் சமமாக இருந்தால் நைட்ரஜன் சமநிலை. வெளியேறுவது கூடினால் உடம்பு தன் தசையையே கரைக்கிறது என்று அர்த்தம். தேவையான ஒரு அமினோ அமிலத்தை நிறுத்திய சில நாட்களிலேயே சமநிலை சரியும். மாணவர்களுக்குப் பசி போய்விடும், களைத்துப்போய் எரிந்துவிழுவார்கள். அந்த அமிலத்தைத் திரும்பச் சேர்த்ததும் தேறிவிடுவார்கள். இன்றைய புரதத் தேவைக் கணக்குகளுக்குப் பின்னால் அந்த மாணவர்களின் சுவையற்ற சாப்பாடு இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நாலு பேருக்கு 400 கிராம் அரிசி பொங்கி, 100 கிராம் துவரம்பருப்பில் சாம்பார் வைப்பதாகக் கொள்ளலாம். அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு புரதம், ஆக 28 கிராம். பருப்பில் நூற்றுக்கு சுமார் 22, ஆக 22 கிராம். எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள பருப்பு, அந்தச் சாப்பாட்டின் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்குகிறது. லைசினைப் பார்த்தால் பருப்பின் பங்கு பாதியையும் தாண்டும். இட்லி மாவில் நாலுக்கு ஒன்று என்று அரிசிக்கு உளுந்து போடுவதும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். வெண்பொங்கலிலும் அடையிலும் பருப்பு இன்னும் கூடுதல்.

ஒரே வேளையில் இரண்டும் சேர்ந்தே ஆகவேண்டுமா? 1970களில் அப்படித்தான் நம்பினார்கள். பிரான்சஸ் மூர் லாப்பே 1971இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அந்த நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். உடம்புக்குள் அமினோ அமிலங்களின் இருப்பு ஒன்று எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்ட பருப்பின் லைசின், ராத்திரிச் சோற்றின் குறையை ஈடுகட்டும். ஆகவே நாள் முழுவதுக்குமான கலவை சரியாக இருந்தால் போதும்.

உட்சேர்வுக் கேள்வி மறுபடியும் எழுகிறது. பருப்பில் உள்ள புரதம் முழுவதும் உடம்புக்குப் போகிறதா? எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதற்காகத்தான் நடந்தது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனநீர் கலந்த தண்ணீரைப் பாய்ச்சிப் பயறுச் செடிகளை வளர்த்தார்கள். சாதாரண ஹைட்ரஜனைவிட எடை கூடிய டியூட்டீரியம் என்ற அணு அந்தத் தண்ணீரில் இருக்கும். கதிர்வீச்சு கிடையாது, ஆபத்தில்லை. செடி அந்த அணுவைத் தன் புரதத்தில் சேர்த்துக்கொள்ளும். அப்படி விளைந்த பயறைச் சமைத்து மனிதர்களுக்குக் கொடுத்து, கனத்த அமினோ அமிலங்கள் ரத்தத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தன என்று அளந்தார்கள். உணவிலிருந்து வந்தது எது, உடம்பில் முன்பே இருந்தது எது என்று இப்படிப் பிரித்துவிட முடிகிறது. கொண்டைக்கடலையிலும் முழுப் பாசிப்பயறிலும் தேவையான அமினோ அமிலங்களில் நூற்றுக்கு 57, 58 அளவுதான் உள்ளே போனது. தோல் நீக்கிய பாசிப்பருப்பில் அது சுமார் பத்துப் புள்ளி உயர்ந்தது. அதே முறையில் அளந்தபோது முட்டைக்குத் தொண்ணூறை ஒட்டி வந்தது.

இந்த எண்கள் பருப்பை மட்டம் தட்டுவதற்கு அல்ல. தண்ணியாக வைக்கும் சாம்பாரைப் பற்றி அவை எச்சரிக்கின்றன. விலை ஏறும் மாதங்களில் பல வீடுகளில் நாலு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பில் குழம்பு முடிந்துவிடுகிறது. சோறு அளவு குறைவதில்லை. வயிறு நிறைகிறது, ஆனால் லைசின் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. காய்கறியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது பருப்பைக் கூட்டுவது புத்திசாலித்தனம் என்று அழுத்திச் சொல்வேன். துவரை விலை எட்டாதபோது பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாமே இந்த வேலையைச் செய்யும். கொங்கு நாட்டுக் கொள்ளுப்பருப்புக் கடைசல் ராத்திரிச் சோற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. கூடவே ஒரு கிண்ணம் தயிரோ ஆளுக்கொரு முட்டையோ சேர்ந்தால் செரிமானத்தில் குறைவது பெருமளவு ஈடாகிவிடும்.

இப்போது இரும்பு.

உணவில் இரும்பு இரண்டு வடிவில் வருகிறது. மீனிலும் இறைச்சியிலும் ஒரு பங்கு இரும்பு, ஹீம் என்ற மூலக்கூறுக்குள் அடைபட்டு வருகிறது. குடல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். கீரை, தானியம், பயறு இவற்றில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில்தான் அது உள்ளே நுழைய முடியும், அதுவும் இரண்டு மின்னேற்றம் கொண்ட ஃபெரஸ் வடிவத்தில் இருந்தால்தான். செடியிலிருந்து வரும் இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் கொண்ட ஃபெரிக் வடிவத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, விதைகள் பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் பைட்டிக் அமிலம் ஆறு பாஸ்பேட் கிளைகளோடு காத்திருந்து இரும்பைப் பிணைத்துக் கரையாமல் செய்துவிடுகிறது. தானியமும் பயறும் நிறைந்த நம் சாப்பாட்டில் பத்து மில்லிகிராம் இரும்பு இருந்தால், உள்ளே சேர்வது பெரும்பாலும் ஒரு மில்லிகிராமைத் தொடுவதில்லை. முதலில் கேட்ட கேள்விக்கு விடையில் பெரும்பங்கு இதுதான்.

இதை எப்படி அளந்தார்கள்? உடம்பு இரும்பை எளிதில் வீணாக்குவதில்லை. உள்ளே போன இரும்பில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புதுச் சிவப்பணுக்களில் ஏறிவிடும். அதற்கு இரண்டு வாரம் ஆகும். எனவே இரும்பின் வேறு எடையுள்ள ஐசோடோப்பு ஒன்றைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து, பதினான்கு நாள் கழித்துக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், அந்தக் குறிப்பிட்ட வேளைச் சாப்பாட்டிலிருந்து எவ்வளவு இரும்பு ஒட்டியது என்று சொல்லிவிடலாம். ஒரே ஆளுக்கு ஒரு நாள் ஒரு ஐசோடோப்பு, மறுநாள் இன்னொன்று என்று கொடுத்தால், இரண்டு சமையல்களை ஒரே உடம்பில் ஒப்பிடவும் முடியும்.

2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தார், சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இளம் இந்தியப் பெண்களுக்கு அரிசிச் சாப்பாடு கொடுத்து இப்படி அளந்தார்கள். சாப்பாட்டோடு வைட்டமின் சி சேர்ந்தபோது இரும்பின் உட்சேர்வு ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தபோது அது பாதியாகக் குறைந்தது. இரண்டு கப் டீ என்றால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அரிசி அதேதான், இரும்பு அதேதான். பக்கத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் மாறியது.

வைட்டமின் சி ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்குகிறது, பைட்டிக் அமிலம் பிடிப்பதற்கு முன் தானே பிணைத்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்கள் இதற்கு நேரெதிர், இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். காபியும் இப்படித்தான், கொஞ்சம் குறைவாக. 1983இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே காபி குடித்தால் பாதிப்பே இல்லை என்று தெரிந்தது. இட்லியோடு டம்ளரில் காபியும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, காபி முதலில் போய்விட்டால் போதும்.

எவ்வளவு சி வேண்டும் என்பது முக்கியம். இங்கே நம்மில் பலர் எலுமிச்சையை அதிகம் நம்புகிறோம். 2008இல் வெளியான அந்த அரிசிச் சாப்பாட்டு ஆய்வில் இரும்பு அணு ஒன்றுக்கு வைட்டமின் சி மூலக்கூறு இரண்டு என்ற விகிதத்தில் தொடங்கினார்கள். எடையில் அது ஏறத்தாழ ஆறு மடங்கு. தட்டில் 4 மில்லிகிராம் இரும்பு இருந்தால் 25 மில்லிகிராம் சி வேண்டும். ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்தாலே பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான் தேறும். ரசத்தில் ஆளுக்குக் கால் மூடி என்றால் அதிலும் கால்வாசி. அதுவும் கொதிக்கும்போது பிழிந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் சி சூட்டுக்குத் தாங்காது. அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழிவது அதனால்தான் நல்லது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் சி இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிடக் கூடுதல். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்குப் பாதிக் கொய்யா என்பது, அந்தத் தட்டில் உள்ள கீரைக்கும் பருப்புக்கும் சோற்றுக்கும் சேர்த்துச் செய்யும் உதவி. ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று ஏங்குகிற வீடுகளில் யாராவது இதை எடுத்துச் சொல்லவேண்டும். ஆப்பிளில் சி மிகக் குறைவு.

ராத்திரியில் கீரை ஆகாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீரையை மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டு, கொய்யாவையும் அந்த வேளைக்கே கொடுத்தால் ஆயிற்று. இரவில் பயறும் சோறுமே கணிசமான இரும்பைக் கொண்டுவரும்.

பைட்டிக் அமிலத்தை என்ன செய்வது? விதை முளைக்கும்போது தனக்கு வேண்டிய பாஸ்பரசை விடுவித்துக்கொள்ள ஃபைட்டேஸ் என்ற நொதியை இயக்குகிறது. அது பைட்டிக் அமிலத்தின் கிளைகளை ஒவ்வொன்றாக உடைக்கிறது. பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டினால் இந்த வேலை நம் சமையலறையிலேயே நடக்கும். புளிக்கவைத்தாலும் நடக்கும். இட்லி மாவில் லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரக்கும்போது, ஃபைட்டேஸ் நன்றாக வேலை செய்யும் புளிப்பு நிலை வருகிறது. ராத்திரிக்கு இட்லியோ தோசையோ போடும் வீட்டில் மாவு முதல் நாளே இந்தக் காரியத்தைத் தொடங்கிவிடுகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார், வெங்காயமும் பூண்டும் சேர்த்தால் தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக வெளிப்படுகின்றன என்று கண்டார்கள். அது வயிற்றின் செரிமானத்தைக் கண்ணாடிக் குழாயில் போலச் செய்து பார்த்த ஆய்வு. மனிதரில் ஐசோடோப்பு வைத்து அளந்த வைட்டமின் சி, டீ விஷயங்களின் அளவுக்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் பூண்டு போட்ட பயறுக் குழம்புக்கு எதிராக யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எண்ணெய் பற்றி ஒரு சொல். கீரையின் பீட்டா கரோட்டின், உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடியது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்போடு சேர்ந்துதான் குடலைக் கடக்கும். எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது என்று நினைப்பவர்கள் அந்தச் சத்தில் பெரும்பகுதியை இழக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் உள்ளே போனால் போதும், தாளிப்பிலேயே அது வந்துவிடும்.

சோறு, பருப்பு, கீரை, பழம் எல்லாம் இருந்தும் தட்டில் ஒன்று அறவே இல்லை. வைட்டமின் பி12. அதைச் செடிகள் செய்வதில்லை, பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன, விலங்குகள் வழியாகத்தான் நமக்கு வருகிறது. பயறை எத்தனை வகையாகச் சமைத்தாலும் இந்தக் குறை தீராது. சைவ வீடுகளில் பாலும் தயிரும் தினமும் இருக்கவேண்டும், சும்மா மோர்த் தண்ணீராக அல்ல. முட்டை சாப்பிடுவோருக்கு வழி எளிது. மீன் சாப்பிடும் வீடுகளில் விலை குறைந்த மத்தியும் நெத்திலியும் பி12ஐ அள்ளித் தருகின்றன.

மீனுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1968இல் வெனிசுவேலாவில் மிகேல் லைரிசேயும் சகாக்களும் மக்காச்சோளத்திலும் கறுப்புப் பீன்ஸிலும் உள்ள இரும்புக்கு ஐசோடோப்பு அடையாளம் இட்டு, அவற்றைத் தனியாகவும் மீனோடும் இறைச்சியோடும் கொடுத்துப் பார்த்தார்கள். மீனும் இறைச்சியும் தங்கள் இரும்பைத் தருவதோடு நிற்கவில்லை, மக்காச்சோளத்திலும் பீன்ஸிலும் இருந்த இரும்பையும் கூடுதலாக உள்ளே சேர்த்தன. நாலு பேருக்கு வைக்கும் குழம்பில் ஒரு கைப்பிடி நெத்திலி விழுந்தால், பக்கத்தில் இருக்கும் சோற்றுக்கும் பயறுக்கும் கீரைக்கும் அதே பயன் கிடைக்கும்.